விளையாடி முடித்த முதல் பத்து நிமிடம்

வணக்கம் நேயர்களே.

கச்சான் என்கிற சூடான காற்று வீசுகிற காலம் இது. பகல் வெப்பம் 33, 34 பாகை செல்சியஸில் நிற்கிறது. திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் பின்னேரம் பந்து விளையாடும் பிள்ளைகள், விடியப்புறம் கடற்கரையில் ஓடுகிறவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள் எல்லாரிடமும் இப்போது ஒரே முறைப்பாடுதான்: "உடம்பு நல்லா வந்திட்டுது, முகமும் முதுகும்தான் பருவாப் போச்சு." சிலர் அதற்காகவே பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். விடவே தேவையில்லை.

வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். அது வந்தபடி காய்ந்து போனால் தோலுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஈரம் நெடுநேரம் தங்கும்போதுதான் வினை. தண்ணீரில் ஊறிய விரல் நுனி உப்புவது போலத் தோலின் மேற்படை உப்பும், எண்ணெய்த் துவாரத்தின் வாய் ஒடுங்கும். அதற்கு மேல் இறுக்கமான ரீசேட்டோ தலைக்கவசத்தின் பட்டியோ உரசினால், எண்ணெயும் செத்த தோலும் உள்ளே அடைபட்டுப் பருவாகக் கிளம்பும். பருக்கள் எந்த இடத்தில் வருகின்றன என்று கண்ணாடியில் பாருங்கள். கிரிக்கெட் தலைக்கவசம் போடுகிற பிள்ளைக்கு நாடியிலும் நெற்றிக் கோட்டிலும் வரும். புத்தகப் பையோடு சைக்கிள் மிதிக்கிறவருக்குத் தோளில் பட்டி கிடக்கிற அகலத்துக்கு வரும். தலைத்துணிக்குள் இறுக்கமான உள்தொப்பி அணியும் பெண்களுக்கு நெற்றி மேட்டில் வரிசையாக வரும். உரசுவது எது என்பதைப் பரு கிளம்பும் இடமே சொல்லிவிடும்.

மருந்துக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வியர்த்தபின் வருகிற எல்லாக் குருவும் பரு அல்ல. மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒன்றாக நினைத்து ஒரே கிரீமைப் பூசுவதால்தான் பலருக்கு மாதக்கணக்கில் மாறுவதில்லை.

முதலாவது வேர்க்குரு. கழுத்து, முழங்கை மடிப்பு, இடுப்புப் பட்டி கிடக்கிற இடம் ஆகியவற்றில் ஊசிமுனை அளவில் பொரிந்து முள்ளாகக் குத்தும். இங்கே அடைபட்டது வியர்வைக் குழாய். இதற்குப் பரு மருந்து பூசினால் எரியும். குளிர்ந்த நீரில் மேல் கழுவி, காற்றோட்டமான இடத்தில் இருந்து, கலமைன் தடவினால் இரண்டு மூன்று நாளில் அடங்கும். அதன்மேல் பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். வியர்வையோடு குழைந்து அதுவே அடைக்கும்.

இரண்டாவது உண்மையான பரு. கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த கட்டி, சீழ்க்கட்டி எனச் சின்னதும் பெரிதுமாகக் கலந்திருக்கும். தொட்டால் நோகும், பெரிதாகக் கடிக்காது.

மூன்றாவதைத்தான் அதிகம் தவற விடுகிறோம். நெஞ்சு, மேல்முதுகு, நெற்றி ஓரம் ஆகியவற்றில் எல்லாம் ஒரே அளவாக, பயறு சிதறியது போல இருக்கும். வியர்த்தவுடன் கடி தாங்காது. இது மயிர்க்கால்களுக்குள் பூஞ்சணம் பெருகுவதால் வருவது. தேமலை உண்டாக்கும் அதே குடும்பத்துப் பூஞ்சணம்தான். பருவென்று நினைத்து அன்ரிபயோற்றிக் குளிசை குடித்தால் பக்ரீரியா குறையும், பூஞ்சணத்துக்கு இடம் கூடும், குரு இன்னும் பரவும். தேங்காயெண்ணெய் பூசினாலும் கூடும், ஏனென்றால் எண்ணெயில் உள்ள கொழுப்புத்தான் அதற்குச் சாப்பாடு. இதற்கு 2 வீதக் கீட்டோகொனசோல் ஷாம்பூவை நெஞ்சிலும் முதுகிலும் நுரைக்கத் தேய்த்து, 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். மூன்று வாரத்தில் குறையாவிட்டால் வைத்தியர் குளிசை தர வேண்டியிருக்கலாம்.

இனி, விளையாடப் போகுமுன் செய்ய வேண்டியவை. தலைக்கு எண்ணெய் வைத்தபடி மைதானத்துக்குப் போகக் கூடாது. வியர்வை அந்த எண்ணெயை நெற்றிக்கும் கன்னத்துக்கும் இறக்கிவிடும். எண்ணெய் வேண்டுமென்றால் முழுகுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் வைத்து, நன்றாக முழுகிவிடுங்கள். முகப்பூச்சு, பவுடர் இருந்தால் கழுவுங்கள். வெயிலில் விளையாடுவதென்றால் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட, ஜெல் வகைச் சன்ஸ்கிரீனை ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்கு ஒரு கோடு எடுத்து, முகத்துக்கும் கழுத்துக்கும் 15 நிமிடம் முன்னதாகப் பூசுங்கள். "சன்ஸ்கிரீன் போட்டால் பரு வரும்" என்று விடுகிறவர்கள் பலர். தடித்த, எண்ணெய்ப் பசையான வகையால் அது நடக்கலாம். ஆனால் நம் மாநிறத் தோலில் பரு ஆறிய இடத்துக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். ஆகவே வகையை மாற்றுங்கள், பூசுவதை நிறுத்தாதீர்கள்.

பயிற்சிக்கு இடையில் முகத்தைத் துவாயால் ஒற்றி எடுங்கள். ரீசேட் கையால் அழுத்தித் துடைக்கிற பழக்கம்தான் நாடிப் பருவுக்கு ஒரு முக்கிய காரணம். ஜிம்மில் இரண்டு துவாய் வேண்டும். வாங்கில் விரிப்பது ஒன்று, முகத்துக்கு வேறொன்று.

முடித்த பிறகு வரும் முதல் பத்து நிமிடம்தான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். நனைந்த ரீசேட்டோடு மதிலில் இருந்து அரை மணித்தியாலம் கதைத்து, அப்படியே மோட்டார் சைக்கிளில் கிண்ணியாவுக்கோ நிலாவெளிக்கோ போகிறவர்கள் உண்டு. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது முதுகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஊறியிருக்கும். குளிக்க வசதி இல்லையென்றாலும் பரவாயில்லை. பையில் உலர்ந்த பருத்தி ரீசேட் ஒன்றும், ஒரு போத்தல் தண்ணீரும், சின்னத் துவாய் ஒன்றும் வைத்திருங்கள். முகம், கழுத்து, முதுகு மூன்றையும் ஈரத்துணியால் துடைத்து உடுப்பை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

வீட்டில் குளிக்கும்போது எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடலோரப் பகுதிகளில் பல கிணறுகள் சவர். சாதாரணச் சவர்க்காரம் அந்தத் தண்ணீரில் நுரைக்காது. சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் பிசினாகத் தோலில் படியும். நுரை வரவில்லையே என்று இன்னும் தேய்ப்போம், தோல் இறுகி வெடிக்கும், அதன்பின் எந்த மருந்தும் எரியும். அமிலமா காரமா என்று காட்டும் pH அளவு சவர்க்காரத்துக்கு 9, 10 அளவில் இருக்கும், அது காரம். தோலுக்கு ஏறக்குறைய 5.5 தான் வேண்டும், அது மெல்லிய அமிலம். ஆகவே முகத்துக்கு, தோலின் அமிலத்தன்மைக்கு ஒத்ததென்று உறையில் எழுதிய மென்மையான கழுவி ஒன்றை வாங்குங்கள். விரல் நுனியால் 30 செக்கன் தேய்த்தால் போதும். பீர்க்கங்காய் நாரும் கடின ஸ்கிரப்பும் பருவுள்ள தோலில் படவே கூடாது. வியர்த்த பிறகு ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் கழுவலாம். ஐந்து ஆறு தரம் கழுவினால் தோல் காய்ந்து எரிச்சல்படும்.

குளிக்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில் தலைக்கு ஷாம்பூ, கண்டிஷனர், கடைசியாக முதுகு. மாறிச் செய்தால் கண்டிஷனரின் பசை முதுகில் இறங்கி அங்கேயே தங்கிவிடும். கடலில் குளித்தால் உப்பே பருவைக் காயவைக்கும் என்பார்கள். காய்வது தோல் மட்டும்தான், வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவத்தான் வேண்டும்.

மருந்து என்று வரும்போது முகத்தில் கரும்புள்ளி கூடுதலென்றால் 2 வீதச் சாலிசிலிக் அமிலக் கழுவி உதவும். முதுகில் சிவந்த கட்டிகளென்றால் பென்சோயில் பெரொக்சைட் கழுவியை, 5 வீதத்துக்கு உட்பட்டதாக, 2 முதல் 5 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். 10 வீதம் வாங்கினால் பலன் இரட்டிப்பாகாது, எரிச்சல்தான் கூடும். இது துணியை வெளுக்கும். நிறத் துவாயிலும் பாடசாலைச் சீருடைக் கழுத்துப் பட்டியிலும் மஞ்சள் திட்டு விழும், ஆகவே வெள்ளைத் துவாய் வையுங்கள். இந்த இரண்டு கழுவிகளையும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. ஒன்றை மாத்திரம், ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். வைத்தியர் இரவில் பூச அடபலீன் என்ற பரு மருந்து தந்திருந்தால் ஒரு பட்டாணி அளவு முழு முகத்துக்கும் போதும். முதல் சில வாரம் பரு கூடுவது போலத் தெரியும், அதில் பயந்து நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகள் அதைப் பாவிக்கக் கூடாது. எந்தப் பரு மருந்துக்கும் 8 வாரமாவது கொடுங்கள்.

பற்பசையும் தேசிக்காய்ச் சாறும் மருந்தல்ல. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் புண்ணாகிக் கறுத்துப்போகும். இன்னும் மோசமானவை வெள்ளையாக்கும் கிரீம்கள். பலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது. முதலில் பரு மறைந்தது போலிருக்கும், நிறுத்தினால் முகம் சிவந்து இரட்டிப்பாக வரும். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: உறையில் உள்ளடக்கம் எழுதாத கிரீம் எதையும் பிள்ளைகளின் முகத்தில் பூசாதீர்கள்.

விளையாட்டுச் சாமான்களையும் பாருங்கள். தலைக்கவசத்தின் உள்பஞ்சைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருதரம் கழுவி வெயிலில் காயவிடுங்கள். நாடிப் பட்டிக்குக் கீழே மெல்லிய பருத்தித் துணி ஒன்று வைத்தால் உரசல் குறையும். ரீசேட்டை ஒரு தரம் போட்டதோடு தோய்க்கப் போடுங்கள். தலையணை உறையை வாரத்தில் இரண்டு தரம் மாற்றுங்கள்.

ஆழமாக நோகிற கட்டிகள், குழி விழும் தழும்பு, காய்ச்சலோடு வரும் கொப்புளம் இருந்தாலோ, நீரிழிவு உள்ளவருக்குத் திரும்பத் திரும்பச் சிலந்திக் கட்டி வந்தாலோ தோல் வைத்தியரிடம் போங்கள். போகும்போது இதுவரை பூசிய கிரீம், குடித்த குளிசை, ஜிம்மில் யாராவது தந்த ஊசியோ புரத மாவோ இருந்தால் அதன் பெயர், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அன்று காலை முகத்தில் ஒன்றும் பூசாமல் போனால், தோலை உள்ளபடியே அவர் பார்க்க முடியும்.

வணக்கம்.