சலாமிஸ்: துடுப்பு வலித்தவர்கள் வென்ற போர்

[திரையில்: ஏஜியன் கடலின் வரைபடம். சலாமிஸ் தீவு மெல்லப் பெரிதாகிறது.]

வணக்கம். கிரேக்கர்களும் பாரசீகர்களும் மோதிய கதை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தெர்மோபைலே கணவாயும் அங்கே மடிந்த 300 ஸ்பார்ட்டா வீரர்களும்தான். அவர்களுடைய வீரம் பெரியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சண்டையில் கிரேக்கர்கள் தோற்றார்கள். அடுத்த சில வாரங்களுக்குள் பாரசீகப் படை ஏதென்ஸுக்குள் நுழைந்து, அக்ரோபோலிஸ் குன்றின் மேலிருந்த கோயில்களைக் கொளுத்தியது. போரின் போக்கு மாறியது அதற்கு அப்புறம், அதுவும் சலாமிஸ் தீவை ஒட்டிய கடலில். அதை மாற்றியவர்களில் பெரும்பாலானோர் சொந்தமாக ஒரு கவசம்கூட வாங்க முடியாத ஏழைகள். இந்த வீடியோ அவர்களைப் பற்றியது.

முன்கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கிரேக்க நகரங்கள் பாரசீகப் பேரரசின் கீழ் இருந்தன. கி.மு. 499-ல் அவை கலகம் செய்தன. ஏதென்ஸ் 20 கப்பல்களை உதவிக்கு அனுப்பியது. கலகக்காரர்கள் பாரசீகர்களின் மாகாணத் தலைநகரான சார்டிஸை எரித்தார்கள். பேரரசர் டேரியஸ் இதை மறக்கவில்லை. கி.மு. 490-ல் அவர் அனுப்பிய படை மராத்தான் சமவெளியில் தோற்றது. அவர் இறந்தபின் மகன் செர்க்சஸ் மிகப் பெரிய படையைத் திரட்டினார். ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் ஹெல்லஸ்பான்ட் நீரிணையில் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டார். ஆதோஸ் மலை இருக்கும் தீபகற்பத்தின் கழுத்தில் கால்வாய் வெட்டினார்.

[திரையில்: லாரியம் சுரங்கத்தின் குறுகிய வாய்.]

இனி ஏதென்ஸுக்கு வருவோம். கி.மு. 483 வாக்கில், நகருக்குத் தெற்கே லாரியம் பகுதியில் வளமான வெள்ளிப் படிவு கிடைத்தது. அந்தப் பணத்தைக் குடிமக்களுக்கு ஆளுக்குப் பத்து டிராக்மா என்று பங்கு போட்டுக் கொடுப்பதாகப் பேச்சு. தெமிஸ்டோக்ளிஸ் என்ற அரசியல்வாதி குறுக்கிட்டார். பங்கு வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்றார். பக்கத்துத் தீவான எஜினாவோடு ஏதென்ஸுக்கு அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. அதையே காரணமாகக் காட்டினார். கைக்கு வரவிருந்த பணத்தை விட்டுக்கொடுக்க மக்கள் சபை சம்மதித்தது. ஒரு மக்களாட்சி எடுத்த துணிச்சலான முடிவுகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன். ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வெள்ளியைத் தோண்டி எடுத்தவர்கள் அடிமைகள். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத சுரங்கங்களில் அவர்கள் உழைத்தார்கள். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று கேட்ட சபையில் அவர்களுக்கு இடமில்லை.

[திரையில்: டிரைரீமின் குறுக்குவெட்டுப் படம். மூன்று அடுக்குகள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.]

கட்டப்பட்ட கப்பலின் பெயர் டிரைரீம். நீளம் சுமார் 37 மீட்டர். முகப்பில், நீர்மட்டத்தில், வெண்கலம் பூட்டிய முட்டுமுனை. எதிரிக் கப்பலின் விலாவில் அதை மோதி உடைப்பதுதான் உத்தி. மேல் அடுக்கில் 62 பேர், நடுவில் 54, அடியில் 54: ஆக 170 பேர் துடுப்பு வலித்தார்கள். ஆளுக்கு ஒரு துடுப்பு. ஒருவர் தாளம் தப்பினாலும் பக்கத்துத் துடுப்புகள் சிக்கிக்கொள்ளும். அதனால் ஒருவர் குழல் ஊத, அந்தத் தாளத்துக்கு எல்லோரும் வலித்தார்கள். அடி அடுக்கில் இருந்தவர்களுக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. மேலே இருப்பவர்களின் வியர்வை அவர்கள் மேல் சொட்டும். 1987-ல் கிரேக்கத்தில் ஒலிம்பியாஸ் என்ற பெயரில் இப்படி ஒரு கப்பலைக் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் சேர்ந்து வலித்தபோது, கொஞ்ச நேரத்துக்கு மணிக்கு 16 கிலோமீட்டருக்கும் மேல் வேகம் கிடைத்தது.

சினிமாவில் காட்டுவதுபோல் இவர்கள் சங்கிலியில் கட்டப்பட்ட அடிமைகள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் சுதந்திரக் குடிமக்கள். கவசமும் ஈட்டியும் வாங்க வசதியுள்ளவர்கள் தரைப்படையில் நின்றார்கள். வசதியில்லாதவர்களுக்குக் கிடைத்த இடம் இந்தத் துடுப்புப் பலகை. ஒரு கணக்குப் போடுவோம். சலாமிஸில் ஏதென்ஸ் இறக்கிய கப்பல்கள் 180 என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கப்பலுக்கு 170 பேர் என்றால் 30,600 பேர். ஏதென்ஸின் ஆண் குடிமக்கள் மொத்தமே ஏறக்குறைய 30,000 என்று அவரே வேறோர் இடத்தில் சொல்கிறார். அதாவது உடம்பில் தெம்புள்ள ஊரே கப்பலில் ஏறியிருக்கிறது; அப்படியும் ஆள் போதாமல், நகரில் குடியேறியிருந்த வெளியூர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

குடும்பங்களை முன்னதாகவே ட்ரோய்சென், எஜினா, சலாமிஸ் என்று படகேற்றி அனுப்பிவிட்டார்கள். டெல்ஃபி கோயில் குறிசொல்லி "மரச்சுவர்" காப்பாற்றும் என்று சொல்லியிருந்தார். மரச்சுவர் என்றால் கப்பல்கள்தான் என்று வாதாடி ஜெயித்தார் தெமிஸ்டோக்ளிஸ். ஒப்புக்கொள்ளாத சிலர் அக்ரோபோலிஸின் மேல் மர அரண் கட்டிக்கொண்டு தங்கினார்கள். அவர்கள் பிழைக்கவில்லை.

[திரையில்: நீரிணையின் வரைபடம். இரு கடற்படைகளும் புள்ளிகளாக.]

ஏதென்ஸ் எரியும் புகை தெரிகிற தூரத்தில் கிரேக்கத் தளபதிகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமை ஸ்பார்ட்டாவின் யூரிபியாடிஸ் கையில். தெற்குக் கிரேக்கத்தைச் சேர்ந்த பெலொப்பொன்னீசியர்களுக்குத் தங்கள் ஊர்ப் பக்கம், கொரிந்து பூசந்திக்குப் பின்வாங்க ஆசை. அங்கே கடல் விரிந்து கிடக்கிறது. பாரசீகர்களிடம் கப்பல்கள் அதிகம். சலாமிஸிலோ நீரிணை சில இடங்களில் இரண்டு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. இங்கே எண்ணிக்கையால் பயன் இல்லை என்று தெமிஸ்டோக்ளிஸ் மன்றாடினார். அப்புறம்தான் அந்த ஆபத்தான வேலையைச் செய்தார். தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட சிக்கினஸ் என்ற அடிமையைப் பாரசீக முகாமுக்கு அனுப்பினார். கிரேக்கர்கள் தப்பி ஓடப்போகிறார்கள், இப்போதே மறித்துவிடுங்கள் என்று சொல்லச் சொன்னார். பாரசீகர்கள் நம்பினார்கள். இரவோடு இரவாக நீரிணையின் வாயில்களை அடைத்தார்கள். அவர்களுடைய துடுப்புக்காரர்கள் தூக்கமில்லாமல் விடியும்வரை வலித்துக்கொண்டே இருந்தார்கள். கிரேக்கர்களுக்கும் இனி ஓட வழியில்லை.

அந்தப் பக்கம் இருந்தவர்கள் யார் என்பதும் முக்கியம். ஃபினீசியர்கள், எகிப்தியர்கள், ஆசியக் கரையின் கிரேக்கர்கள் எல்லோரும் செர்க்சஸுக்காகக் கப்பல் ஓட்டினார்கள். கீழைத்தேயம் எதிர் மேலைத்தேயம் என்று இந்தப் போரைப் பிரித்துக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆசியக் கரையிலிருந்த ஹலிகார்னஸஸின் அரசி ஆர்ட்டெமிசியாவும் ஒரு கிரேக்கப் பெண்தான். கடற்போர் வேண்டாம் என்று செர்க்சஸுக்கு வெளிப்படையாக ஆலோசனை சொன்னவர் அவர். ஹெரோடோட்டஸும் அதே ஊர்க்காரர்; அவருடைய எழுத்தில் இந்த அரசி மேல் உள்ள மதிப்பு நன்றாகவே தெரிகிறது.

விடிந்ததும் பாரசீகக் கப்பல்கள் நீரிணைக்குள் நுழைந்தன. முன்வரிசை தடுமாறித் திரும்பப் பார்த்தது. பேரரசர் பார்வையில் பேர் வாங்கத் துடித்த பின்வரிசை முன்னேறி வந்து அதன் மேலேயே மோதியது. செர்க்சஸ் ஐகாலியோஸ் மலையடிவாரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சகோதரர் அரியபிக்னிஸ் அங்கே இறந்தார். கப்பல் உடைந்த கிரேக்கர்களில் பலர் நீந்திச் சலாமிஸ் கரையேறினார்கள். எதிர்ப்பக்கத்தில் நீச்சல் தெரியாமல் மூழ்கியவர்கள் ஏராளம். துரத்தப்பட்ட ஆர்ட்டெமிசியா, வழியை மறித்த தன் பக்கத்துக் கப்பல் ஒன்றையே இடித்து மூழ்கடித்துத் தப்பினார்.

செர்க்சஸ் ஆசியாவுக்குத் திரும்பினார். அவர் விட்டுச்சென்ற தரைப்படையை மறு ஆண்டு, கி.மு. 479-ல், ஸ்பார்ட்டா தலைமையிலான கிரேக்கர்கள் பிளாட்டியாவில் தோற்கடித்தார்கள். சிக்கினஸுக்குத் தெமிஸ்டோக்ளிஸ் செல்வம் கொடுத்தார். தெஸ்பியா நகரில் குடியுரிமையும் வாங்கித் தந்தார். தெர்மோபைலேயில் ஸ்பார்ட்டா வீரர்களோடு 700 பேரை இழந்த நகரம் அது.

[திரையில்: பிரேயஸ் துறைமுகமும் கப்பல் கொட்டகைகளும்.]

துடுப்புக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? கி.மு. 478-ல் ஏதென்ஸ் தலைமையில் கடல் கூட்டணி உருவானது. அதற்கு ஆண்டுதோறும் கப்பல் வேண்டும், கப்பலுக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்கள் சபையிலும் உட்கார்ந்து கையுயர்த்தினார்கள். கி.மு. 462 வாக்கில் எஃபியால்டிஸ் கொண்டுவந்த சீர்திருத்தம் பழைய பிரபுக்கள் மன்றத்தின் அதிகாரத்தை வெட்டிக் குறைத்தது. அந்த நூற்றாண்டில் ஏதென்ஸின் மக்களாட்சியைப் பிடிக்காத ஒருவர் எழுதிய சிறு கட்டுரை இன்றும் இருக்கிறது. அவருடைய பெயர் தெரியாது. ஏழைகளின் ஆட்சி அவருக்குக் கசக்கிறது. ஆனாலும் அவர்கள் அதிகமாகப் பெறுவது நியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிறார். காரணம், கப்பல்களைச் செலுத்துவதும் நகரத்துக்குப் பலம் கொடுப்பதும் அவர்கள்தான் என்கிறார்.