நான்காவது டிவிஷனிலும் அதே கால்தான்

நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கால்பந்து என்றதும் நமக்கு பிரீமியர் லீக்தான் ஞாபகம் வரும். அதுதான் முதல் டிவிஷன், அதில் 20 அணிகள். அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களில் இன்னும் 72 அணிகள் ஆடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கீழ்த்தட்டிலேயே பத்து வருஷத்துக்கு மேல் சுற்றிய ஒரு ஸ்ட்ரைக்கரைப் (கோல் அடிப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட முன்வரிசை ஆட்டக்காரரைப்) பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பெயர் ரிக்கி லாம்பர்ட்.

1982இல் லிவர்பூலை ஒட்டிய கிர்க்பியில் பிறந்தவர். லிவர்பூல் கிளப்பின் சிறுவர் அணியில் இருந்தார். 15 வயதில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பிளாக்பூல். அங்கேயும் கழற்றிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பீட்ரூட் ஊறவைத்த ஜாடிகளுக்கு மூடி போடும் வேலை, நாளைக்கு 20 பவுண்டு. பிறகு மாக்கிள்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று ஊர் ஊராகப் போனார்.

இதை விடாமுயற்சிக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விடாமுயற்சி என்று சொல்லிவிட்டால், அத்தனை வருஷம் அவரைக் கவனிக்காமல் விட்டவர்கள் சுலபமாகத் தப்பித்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 2008-09இல் மூன்றாவது டிவிஷனில் லீக் கோல் 29. 2011-12இல் இரண்டாவது டிவிஷனில் 27. அடுத்த சீசன் பிரீமியர் லீக்கில், முதல் முறையாக, 30 வயதைத் தாண்டி, 15. ஆட்டம் முன்பே அவரிடம் இருந்தது. இருந்த இடம்தான் வேறு.

மாறியது ஒன்று உண்டு, உடம்பு. 2009இல் சவுத்தாம்ப்டன் அவரை வாங்கியபோது அந்தக் கிளப்பும் மூன்றாவது டிவிஷனில்தான் கிடந்தது. கடன் சிக்கலால் பத்துப் புள்ளி கழிக்கப்பட்டிருந்தது. மேனேஜர் ஆலன் பார்டியூ முதல் வேலையாக எடையைக் குறைக்கச் சொன்னார். 27 வயது வரை இதை யாரும் அவரிடம் கறாராகச் சொல்லவில்லையா என்பதுதான் என் ஆச்சரியம். ஒன்றரை வருஷத்துக்கு முன் இதே சவுத்தாம்ப்டனை, எல்லா டிவிஷன் அணிகளும் மோதும் எஃப்ஏ கோப்பையிலிருந்து வெளியே தள்ளியது பிரிஸ்டல் ரோவர்ஸுக்காக அவர் அடித்த ஃப்ரீ கிக். பந்து யார் மேலோ பட்டுத் திசைமாறித்தான் உள்ளே போனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய பெனால்டிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். சவுத்தாம்ப்டனுக்காக 34 பெனால்டி அடித்தார். முப்பத்தி நாலுமே கோல். உலகத்தின் பெரிய பெரிய ஆட்டக்காரர்களே நாலைந்துக்கு ஒன்றைக் கோட்டை விடுகிற வேலை அது. கோல்கீப்பருக்கு ஆளை நன்றாகத் தெரியும், எதிரணி அவர் அடித்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் வரும். இருந்தும் ஐந்து வருஷம் ஒன்றுகூடத் தவறவில்லை.

2013 ஆகஸ்டில் இங்கிலாந்து அணிக்கு அழைப்பு வந்தது. அதே நாளில் மூன்றாவது குழந்தையும் பிறந்தது. 14ஆம் தேதி வெம்பிளியில் ஸ்காட்லாந்தோடு ஆட்டம், 2-2 என்று சமநிலையில் இருந்தது. வெய்ன் ரூனி வெளியே வர, இவர் உள்ளே போனார். சில நிமிஷத்தில் லெய்ட்டன் பெய்ன்ஸ் கார்னர் அடித்தார். தடுப்பாளர்களுக்கு நடுவே லாம்பர்ட் எழும்பித் தலையால் முட்டினார். பந்து வலைக்குள் போய்விட்டது. தேசிய அணிக்காக அவர் பந்தைத் தொட்டதே அதுதான் முதல் தடவை. இங்கிலாந்து 3-2 என்று ஜெயித்தது. அப்போது அவருக்கு வயது 31.

அடுத்த வருஷம் சுமார் 40 லட்சம் பவுண்டு கொடுத்து லிவர்பூலே அவரை வாங்கியது. லீக்கில் இரண்டு கோல்தான் அடித்தார். பெரும்பாலும் பெஞ்ச். ஒரே சீசனில் வெஸ்ட் ப்ரோம் கிளப்புக்கு விற்றுவிட்டார்கள். சவுத்தாம்ப்டனிலேயே இருந்திருக்கலாம் என்பார்கள், ஆட்டக் கணக்குப்படி அது சரிதான். ஆனால் சின்ன வயதிலிருந்து அவர் லிவர்பூல் ரசிகர். அந்தச் சட்டையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லும் ஆளா அவர்?