கம்பி, கயிறு, குழாய்

நேயர்களுக்கு வணக்கம்.

32 வருடம் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது. பி.டி. டீச்சர் என்றால் தெரியும். வயதானவர்களுக்கு இன்னும் நான் டிரில் டீச்சர்தான். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920இல். நூறு வருடம் தாண்டிவிட்டது. டிரில் என்ற சொல் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. சொல் அப்படித்தான், ஒட்டிக்கொண்டால் போகாது. இன்றைக்கு நான் பேசப்போவதும் அந்த மாதிரி ஒரு சொல்லைப் பற்றித்தான்.

மாணவியாக இருந்தபோது உடற்தகுதி, உடற்கூறு, இளைஞர் தலைமை இந்த மூன்றையும் எப்படிக் கற்றேன் என்று இந்த வானொலியில் பேசச் சொன்னார்கள். 15 நிமிடம். தலைக்கு ஐந்து நிமிடம் என்று பிரித்து எழுதி, வீட்டில் கடிகாரத்தை வைத்து வாசித்தும் பார்த்தேன். சரியாக வந்தது. பார்ப்போம்.

1988இல் பி.பி.எட். சேர்ந்தேன், உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கான பட்டப் படிப்பு. அப்போதெல்லாம் அது ஒரு வருடப் படிப்பு. அதற்கு முன்னால் படித்தது பி.ஏ. வரலாறு. கோ-கோ ஆடுவேன், நன்றாக ஓடுவேன். ஓடத் தெரிந்தவளுக்கு உடம்பைப் பற்றி வேறு என்ன தெரிய வேண்டும் என்ற நினைப்பு. முதல் வாரம் மைதானத்தில் எங்களைப் பிழிந்து எடுத்தார்கள். ஹாஸ்டல் படிக்கட்டைக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கினோம். அந்த வாரக் கடைசியில் முதல் உடற்கூறு வகுப்பு. சார் வந்ததும் பாடம் நடத்தவில்லை. "யார் யாருக்கு எங்கே வலி?" என்று கேட்டார்.

ஒருத்தி, தொடை நரம்பு இழுக்குது சார் என்றாள். இன்னொருத்தி, கெண்டைக்கால் நரம்பு பிடிச்சுக்கிச்சு. எனக்குத் தோள்பட்டை நரம்பு. சார் ஒவ்வொன்றுக்கும் கரும்பலகையில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒன்பது பேர் சொல்லி முடித்ததும் திரும்பினார். "ஒன்பது பேருக்கும் நரம்புதானா? அப்போ உங்க யாருக்கும் சதையே கிடையாதாம்மா?"

சிரித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கோபத்தில் கத்தினால் கழுத்து நரம்பு புடைக்கிறது. ஊசி போட வந்த நர்ஸ் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடுகிறார். பாட்டிக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் நரம்புத் தளர்ச்சி. ஓடும்போது நரம்பு பிசகுகிறது. வெற்றிலை போடுகிறவர் நரம்பைக் கிள்ளி எறிகிறார். யாழுக்குக்கூட நரம்பு. இத்தனைக்கும் ஒரே சொல்.

சார் அன்றைக்கு மூன்று சொற்களை எழுதிப் போட்டார். கம்பி, கயிறு, குழாய். உடம்புக்குள் மூளையின் உத்தரவைக் கொண்டுபோவது கம்பி, கரண்ட் கம்பி மாதிரி. அதுதான் நிஜமான நரம்பு. சதையை எலும்போடு கட்டிவைத்திருப்பது கயிறு. அதற்குத் தசைநாண் என்று பெயர். ரத்தம் ஓடுவது குழாய். அது தமனியாக இருக்கும், இல்லாவிட்டால் சிரை.

படம் போட்டுக் காட்ட வானொலியில் வழியில்லை. தேவையும் இல்லை, உங்கள் கையே போதும். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் அப்புறம் செய்துகொள்ளுங்கள்.

புறங்கையைப் பாருங்கள். பச்சையாக, நீலமாக ஓடுகிறதே, அழுத்தினால் அமுங்குகிறதா? கையைத் தலைக்கு மேல் தூக்கினால் கொஞ்ச நேரத்தில் வற்றிப்போகும். அது குழாய். நர்ஸ் தேடுவது அதைத்தான்.

இப்போது விரல்களை நன்றாக விரித்து மேல்நோக்கி வளையுங்கள். புறங்கையில் நான்கு வரிசையாக விறைத்து எழும்புகிறதே, அது கயிறு. அப்படியே ஒரு கையால் மற்ற கையின் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, பியானோ வாசிப்பது போல விரல்களை ஆட்டுங்கள். உள்ளே சதை நெளிவது தெரிகிறதா? விரலை ஆட்டுகிற சதை விரலுக்குள் இல்லை. முன்னங்கையில் இருந்துகொண்டு கயிற்றை இழுக்கிறது, பொம்மலாட்டக்காரர் மாதிரி.

சரி, கம்பி? அதைப் பார்க்க முடியாது. ஆனால் உங்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும். முழங்கையின் உள்பக்கத்தை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் சுரீர் என்று ஷாக் அடிக்கிறதே, அதுதான். அந்த இடத்தில் அது தோலுக்குக் கீழேயே எலும்பை ஒட்டி ஓடுகிறது.

திரும்பவும் சொல்கிறேன். கம்பி, கயிறு, குழாய்.

இதெல்லாம் எனக்கு வகுப்பில் புரிந்ததா என்றால், இல்லை. மனப்பாடம் செய்தேன். புரிந்தது கறிக்கடையில். இது எனக்குப் பிடித்த கதை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விருதுநகர்ப் பக்கம். காலையிலேயே அப்பா கறி வாங்க அனுப்பினார். கடையில் கூட்டம். தோலுரித்த ஆட்டை பின்னங்காலில் கொக்கி மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார் பாய். சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்தேன். எலும்புக்கும், அதன் பின்னால் வெள்ளையாக ஓடும் ஒரு பட்டைக்கும் நடுவே இருந்த சந்தில். பத்துப் பன்னிரண்டு கிலோ ஆடும் அந்த வெள்ளைப் பட்டையில்தான் தொங்கியது.

"பாய், அது என்ன?"

"எது பாப்பா? இதுவா? நரம்பு. வேகாது, வேண்டாம்."

நரம்பு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது கயிறு. நம் காலிலும் இருக்கிறது. குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள், கெட்டியாக, வில்லின் நாண் போல இருக்கும். உடம்பிலேயே தடித்த தசைநாண் அதுதான். ஆடுசதை முழுவதையும் குதிகால் எலும்போடு கட்டியிருப்பது அது. நீங்கள் எம்பிக் குதிக்கும்போதெல்லாம் அது இழுபடுகிறது.

அப்படியானால் கொக்கி மாட்டியிருந்த இடம் ஆட்டின் குதிகால்! ஆட்டின் பின்னங்கால் முட்டி பின்பக்கமாக மடங்குகிறது என்றுதானே நாம் நினைக்கிறோம்? அது முட்டியே இல்லை. முட்டி மேலே, வயிற்றை ஒட்டிச் சதைக்குள் இருக்கிறது. ஆடு பிறந்ததிலிருந்து குதிகாலைத் தரையில் வைக்காமல் விரல் நுனியிலேயே நடந்துகொண்டிருக்கிறது. ஓட்டப் பந்தயக்காரி மாதிரி.

கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றேன். பாய் தொடையைப் பிரிக்கும்போது கத்தியை ஓங்கி வெட்டவில்லை. நுனியை வைத்துத் தடவி ஒரு இடத்தைக் கண்டுபிடித்து உள்ளே விட்டார். எலும்பு தானாகக் கழன்று வந்தது. "பூட்டு எங்கேன்னு தெரிஞ்சா போதும் பாப்பா, பலம் வேண்டாம்" என்றார். அந்த எலும்பு முனையை வாங்கிப் பார்த்தேன். முத்து மாதிரி வழவழப்பு. அது குருத்தெலும்பு. அதன்மேல் முட்டை வெள்ளைக்கரு போல ஒரு வழுவழுப்பான நீர். அந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் மூட்டு தேய்ந்தால் லேசில் ஆறுவதில்லை. எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளை நாரும் கத்தியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இது நான்காவது ஆள். மூட்டு நார் என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். கயிறு சதையை எலும்போடு கட்டும். இந்த நார் எலும்பை எலும்போடு கட்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாப்பா, நீ டீச்சருக்குப் படிக்கிறியா, கடை வைக்கப் போறியா?"

அரைமணி நேரம் கழித்துக் கறியோடு வீட்டுக்குப் போய் வாங்கிய திட்டு தனிக் கதை.

கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்பது நிமிடம் ஓடிவிட்டது. உடற்தகுதியைச் சுருக்கிக்கொள்கிறேன்.

எனக்குக் குனிந்து காலைத் தொட வராது. கோ-கோ ஆடுகிறவளுக்கு எவ்வளவு அவமானம் பாருங்கள். இடுப்பு வளையவில்லை என்று இடுப்பைப் போட்டு வதைத்துக்கொண்டிருந்தேன். முட்டியைக் கொஞ்சம் மடக்கிக் குனிந்து பார் என்றார் சார். தரையே தொட்டது. பிடித்து இழுத்தது இடுப்பு இல்லை, பின்தொடைச் சதை. அது இடுப்பையும் தாண்டி முட்டியையும் தாண்டிப் போகிறது. முட்டியை மடக்கினால் அது தளர்ந்துவிடும். நான் திட்டிக்கொண்டிருந்தது வேறு ஆளை. அதற்குப் பிறகு பின்தொடைக்கு மட்டும் தினமும் கொஞ்சம் நேரம் கொடுத்தேன். டிசம்பருக்குள் விரல் நுனி தரையைத் தொட்டது.

நாடி பார்ப்பதும் அங்கேதான் கற்றேன். கட்டை விரலை வைக்காதீர்கள், அதற்குச் சொந்தமாகத் துடிப்பு உண்டு. இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்களுக்கு 60இலிருந்து 100க்குள் இருக்கும். எங்கள் பள்ளியில் ஓடி முடித்ததும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நாடி எண்ணுவார்கள். வகுப்புத் தலைவி நோட்டில் குறித்து வைப்பாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பதவி கிடையாது.

இனி தலைமை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மூன்று விரல் காட்டுகிறார். எழுதி வந்ததில் இரண்டு பக்கத்தைத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

பி.பி.எட்.டில் தலைமைப் பயிற்சி முகாம் உண்டு. எங்களுக்கு ஏலகிரியில். 14 கொண்டை ஊசி வளைவு, மேலே கூடாரம், குளிர். தினம் ஒருத்தி தலைவி. என் முறை வந்த நாளில், ஏலகிரியிலேயே இருக்கும் சுவாமிமலை உச்சிக்கு ஏற்றம். எட்டுப் பேர் என் அணி. தலைவி என்றால் முன்னால் போக வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த தலைமை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போனேன். கட்டளை கொடுக்கிற விதமெல்லாம் அத்துப்படி. முதல் பாதியை நீட்டி, ஒரு மூச்சு நிறுத்தி, மறு பாதியை வெட்டிச் சொல்ல வேண்டும். சொன்னேன்.

உச்சிக்குப் போய் எண்ணினால் ஏழு பேர்.

எட்டாமவள் வெகுநேரம் கழித்து நொண்டிக்கொண்டு வந்தாள். பாதியில் கால் மடங்கியிருக்கிறது, முன்னால் போனவளுக்குக் குரல் கேட்கவில்லை. "ஒண்ணுமில்லைக்கா, நரம்பு பிசகிடுச்சு" என்றாள். நானும் உட்கார்ந்து, நரம்புதானே என்று, எங்கள் பாட்டி செய்கிற மாதிரி தேங்காய் எண்ணெய் வைத்து அழுத்தி வழித்துவிட்டேன். சொடக்கு எடுக்கிறேன் என்று பாதத்தைப் பிடித்து ஒரு இழுப்பும் இழுத்தேன்.

கறிக்கடையில் பார்த்தவள், தேர்வில் பெயர் பெயராக எழுதியவள் நான்தான். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் கிழிந்திருந்தது அந்த மூட்டு நார். தொடாமல், அசையாமல், ஐஸ் வைத்து, துணி சுற்றி, காலை உயரத் தூக்கி வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்குச் சூடும் கூடாது, நீவவும் கூடாது. இத்தனையும் என் நோட்டில் இருந்தது. ஆனால் நரம்பு என்று அவள் சொன்னதும் என் கை பாட்டியின் கையாகிவிட்டது. சாயங்காலம் அவள் கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டாள். செய்முறைத் தேர்வைத் தனியாக, பின்னால்தான் எழுதினாள்.

அதற்கப்புறம் 32 வருடத்தில் எத்தனையோ முகாம்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். எப்போதும் கடைசியில்தான் நடந்தேன். அங்கிருந்து பார்த்தால்தான் யார் எந்தக் காலை இழுத்து வைக்கிறாள் என்று தெரியும்.

ஒரு விரல் காட்டிவிட்டார். அந்த எட்டாமவளும் என்னைப் போலவே பி.டி. டீச்சராகத்தான் வேலை பார்த்தாள். போன வாரம் போன் செய்து, இந்தப் பேச்சைக் கேட்கப் போவதாகச் சொன்னாள். எந்தக் கால் என்று எங்களுக்குள் இன்னும் தகராறு. நீ வலது என்கிறாய். வழித்துவிட்டவள் நான், எனக்குத் தெரியும். இடதுதான்.

வணக்கம்.