பழைய வீட்டு வீடியோவைச் சுருக்கும்போது பாதி அசைவைத் தூக்கிப் போடுகிறீர்களா?

[திரையில்: தைப்பூச ஊர்வலம். காவடி சுழலும் இடத்தில் படம் நிற்கிறது]

வணக்கம் மக்களே! சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் கிளம்பி டேங்க் ரோடு போகும் தைப்பூச ஊர்வலம் இது. மினி டி.வி. (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேசட்டில் எடுத்தது. காவடி நிற்கும்போது படம் பளிச். ஆட ஆரம்பித்ததும் மயிற்பீலி ஓரமெல்லாம் சீப்புப் பல்! கேசட் கெட்டுவிட்டதா? இல்லவே இல்லை. இதுதான் இன்டர்லேஸ்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் அந்தக் காலத்துக் கேமராக்கள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை. படத்துக்கு 576 கோடுகள். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் இன்னொரு தடவை என்று இரண்டு பாதியாகப் பதிவாகும். இரண்டுக்கும் இடைவெளி 1/50 வினாடி. அதற்குள் காவடி நகர்ந்துவிடும். பழைய குண்டுத் தொலைக்காட்சியில் இது தெரியாது. கைப்பேசியில் அப்பட்டமாகத் தெரியும்.

இப்படியே சுருக்கினால், அந்தப் பற்களையும் நுணுக்கமான விவரம் என்று நம்பி என்கோடர், அதாவது வீடியோவைச் சுருக்கும் மென்பொருள், பிட்களை அதற்கே கொட்டும். படத்தின் அளவைக் குறைத்தீர்களோ, இரண்டு பாதியும் ஒன்றாகக் குழம்பிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் முதலில் டீஇன்டர்லேஸ், அதாவது இந்தச் சீப்புப் பற்களை நீக்குவது. அப்புறம்தான் மற்றதெல்லாம்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

[திரையில்: இடப்பக்கம் வினாடிக்கு 25 படம், வலப்பக்கம் 50]

இரண்டும் ஒரே கேசட். இடப்பக்கம் ஆட்டம் வெட்டி வெட்டிப் போகிறது. வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது, பார்த்தீர்களா? பலரும் டீஇன்டர்லேஸை ஆன் செய்து வினாடிக்கு 25 படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகிவிடுகிறார்கள். ஆனால் கேமரா பதிவு செய்தது 50 வெவ்வேறு கணங்களை! ஒவ்வொரு பாதியையும் ஒரு முழுப் படமாக வளர்த்தால் 50 படமும் கிடைக்கும். இதற்கு பாப் (Bob) என்று பெயர். கோப்பு இரண்டு மடங்காகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். அடுத்தடுத்த படங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் அந்த அளவுக்கு ஏறாது. பிள்ளை முதலடி வைத்த வீடியோவை 25-இல் சேமிப்பதெல்லாம் என்னைக் கேட்டால் கஞ்சத்தனம்!

வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் (HandBrake) மென்பொருளில் ஃபில்டர்ஸ் பக்கம் போங்கள். டீஇன்டர்லேஸில் யாடிஃப் (Yadif) அல்லது பிடபிள்யூடிஃப் (Bwdif), அதன் கீழே பாப். பிறகு வீடியோ பக்கத்தில் ஃபிரேம் ரேட் 50. முடிந்தது. பொறுமைசாலிகளுக்கு க்யூடிஜிஎம்சி (QTGMC) என்ற தனி டீஇன்டர்லேஸ் ஃபில்டர் இருக்கிறது, ஹேண்ட்பிரேக்கில் அல்ல. தரம் பிரமாதம், வேகம்தான் ஆமை.

படம் முன்னும் பின்னும் உதறுகிறதா? பாதிகளின் வரிசை மாறியிருக்கும். மினி டி.வி.க்குக் கீழ்ப்பாதி, அதாவது இரட்டைப்படைக் கோடுகள், முதலில். பிறகு வந்த எச்.டி.வி. (HDV) கேசட்டுக்கு மேற்பாதி, அதாவது ஒற்றைப்படைக் கோடுகள், முதலில்.

ஒரு மணி நேர மினி டி.வி. கோப்பு சுமார் 13 ஜிபி. சுருக்கி முடித்த குஷியில் அதை அழித்துவிடாதீர்கள், ப்ளீஸ்! ஹார்ட் டிஸ்க் இப்போது என்ன விலை? நாளைக்கு இன்னும் நல்ல ஃபில்டர் வந்தால், மூலக் கோப்பு இருந்தால்தான் மறுபடி செய்ய முடியும்.

உங்கள் வீட்டு அலமாரியில் என்ன கேசட் கிடக்கிறது? கீழே எழுதுங்கள். ஹை-8 (Hi8) கேசட் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் வந்தால், அடுத்த வீடியோ உங்களுக்குத்தான்.