ஆயாவின் மணியார்டர்

(முதியோர் தினத்தையொட்டி, தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் மொட்டை மாடியில் பேசியது. மைக் இரண்டு தடவை நின்றுபோனதால் விட்டுப்போனதையும் இதில் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

பெரியவர்களே, தாய்மார்களே, பின்னால் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் படித்தவன் என்பதற்காக அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கத்துத் தெருக்களில் சைக்கிள் மிதித்த தபால்காரன் என்பதற்காக. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருடைய கதவு நம்பர் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நோட்டீஸில் 'உலக முதியோரும் ஓய்வூதியமும்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். உலகத்துக்கு அப்புறம் போகலாம். முதலில் காசிமேட்டுக்குப் போய்விட்டு வருவோம்.

அப்போதெல்லாம் முதியோர் உதவித்தொகை மணியார்டரில்தான் வரும். ஓ.ஏ.பி. பணம் என்போம். ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஓர் ஆயா. நாற்பது வருஷம் மீன் கூடை தூக்கியவர், கருவாடு காய வைத்தவர். மற்ற நாளில் அந்த வழியாகப் போனால் வாசல் ஓரத்தில் சாக்கு விரித்துப் படுத்திருப்பார். பணம் வருகிற நாளில் மட்டும் உள்ளே இருந்து ஒரு நாற்காலி வெளியே வரும். மருமகள் அன்றைக்கு 'அத்தை' என்று கூப்பிடுவார். மருமகளை நான் குறை சொல்லவில்லை. அவரும் விடியற்காலையில் ஏலத்துக்குப் போய் வந்து களைத்துக் கிடப்பவர்தான்.

ஆயா நாற்காலியில் உட்கார்ந்து, பெருவிரலை இங்க் பேடில் அழுத்தி, ஃபாரத்தில் வைப்பார். ரேகையே இருக்காது. உப்பிலும் ஐஸிலும் ஊறி ஊறி விரல் வழவழவென்று ஆகியிருக்கும். நீலமாக ஒரு திட்டு விழும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். அந்தத் திட்டு போதும், பட்டுவாடா முடிந்தது. ஆயா பணத்தை எண்ணிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, பேரனை டீயும் பொறையும் வாங்க அனுப்புவார். எனக்கும் ஒரு டீ. சில மாதம் என் சட்டைப் பையில் அஞ்சு ரூபாய் திணிப்பார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கியிருக்கிறேன். மேடையில் மைக் பிடித்தவன் இதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

அந்த நாற்காலி எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. அவருக்கு வந்த பணம் சில நூறு ரூபாய். வீட்டின் மீன் வியாபாரத்தில் ஒரு நாள் லாபம்கூட இருக்காது. அப்படியிருந்தும் அந்த ஒரு நாள் வீட்டில் அவருடைய இடம் மாறிப்போனது. ஏன்?

சரி, இப்போது உலகத்துக்குப் போகலாம்.

சாதாரணத் தொழிலாளிக்கும் முதுமையில் பணம் தரச் சட்டம் போட்ட முதல் பெரிய நாடு ஜெர்மனி. 1889, அந்த நாட்டின் பிரதமர் மாதிரி இருந்த பிஸ்மார்க் காலம். அவருக்குக் கிழவர்கள் மேல் பாசம் பொங்கியதாக நினைக்க வேண்டாம். தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடித்து வைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. பிஸ்மார்க்தான் 65 வயது என்று வைத்தார் என்று பலரும் சொல்வார்கள். அவர் வைத்தது 70. அது 65 ஆனது 1916-ல். அந்தக் காலத்து ஆலைத் தொழிலாளியில் எத்தனை பேர் 70-ஐப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1898-ல் நியூசிலாந்து. அங்கே பணம் கட்டாதவர்களுக்கும் அரசே கொடுத்தது, வருஷத்துக்கு 18 பவுண்டு. ஆனால் ஏழையாக இருக்க வேண்டும், நல்ல நடத்தை வேண்டும். ஆசியாக்காரர்களுக்குக் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இங்கிலாந்தில் 1908-ல் சட்டம் வந்தது. 1909 ஜனவரி 1 முதல் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங். எங்கே போய் வாங்கினார்கள் தெரியுமா? தபால் ஆபீஸில். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கேயும் ஒரு வடிகட்டி உண்டு. குடிகாரனுக்குக் கிடையாது, வேலை செய்யாமல் திரிந்தவனுக்குக் கிடையாது, சமீபத்தில் ஜெயிலுக்குப் போனவனுக்குக் கிடையாது.

நம் ஊரில் 'ஆதரவற்றவர்' என்று நிரூபிக்கச் சொல்கிறோமே, அதற்கு இவையெல்லாம் பெரியப்பா முறை. "உனக்குத்தான் மகன் இருக்கானே?" என்ற கேள்வியைக் கேட்காத கிழவி இந்தப் பக்கத்தில் உண்டா? மகன் இருக்கிறான். அவன் ஆட்டோ டியூ கட்டுகிறான், பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிறான். தாய்க்குச் சோறு போடுகிறானா என்று ஆபீஸில் கேட்டால், அந்தத் தாய் தன் பிள்ளையை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுத்தால்தான் பணம். எத்தனையோ பேர் விட்டுக்கொடுக்க மனசில்லாமல் விண்ணப்பத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கதை, இது கொஞ்சம் சிரிப்பு. அமெரிக்காவில் 1935-ல் சட்டம் வந்தது. மாதாமாதம் தரும் முதல் செக் 1940 ஜனவரியில் ஐடா மே ஃபுல்லர் என்ற அம்மாவுக்கு. 22 டாலர் 54 சென்ட். அதுவரை அவர் சம்பளத்தில் பிடித்தது மொத்தமே 24 டாலர் 75 சென்ட். அப்புறம் அந்த அம்மா 100 வயது வரை இருந்தார். வாங்கியது 22,000 டாலருக்கு மேல்!

(கூட்டத்தில் யாரோ "கில்லாடி" என்றார்.)

கில்லாடி எல்லாம் இல்லை, ஐயா. அந்த ஏற்பாடே அப்படி. பென்ஷனில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று உண்டியல், இன்னொன்று மொய். உண்டியல் என்றால் நீ போட்டதுதான் உனக்கு. மொய் அப்படி இல்லை. இன்றைக்கு என் வீட்டுக் கல்யாணத்துக்கு நீ எழுதுகிறாய், நாளைக்கு உன் வீட்டுக்கு நானும் என் பிள்ளையும் எழுதுகிறோம். இன்று வேலை செய்பவன் கட்டுவது இன்றைய கிழவருக்குப் போகிறது. ஐடா அம்மாவுக்கு விழுந்தது மொய்.

1981-ல் சிலி நாட்டில் ராணுவ ஆட்சி மொய் நோட்டைக் கிழித்துப்போட்டு, ஆளுக்கொரு உண்டியல் கொடுத்தது. தனியார் கம்பெனிகள் அதை நிர்வகிக்கும். உலகம் முழுக்க அதைப் பார்த்துக் கை தட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், ராணுவம் மட்டும் தன் பழைய பென்ஷனையே வைத்துக்கொண்டது. வருஷங்கள் போனபின் திறந்து பார்த்தால், பிள்ளை பெறவும் வளர்க்கவும் வேலையை விட்ட பெண்களின் உண்டியலிலும், அன்றாடக் கூலிக்காரன் உண்டியலிலும் சில்லறைதான் இருந்தது. 2008-ல் அரசே பணம் போட்டு ஏழைகளுக்கு அடிப்படைப் பென்ஷன் கொடுக்க வேண்டியதாயிற்று. 2019-ல் ஜனங்கள் தெருவில் இறங்கியபோது கேட்டவற்றில் இதுவும் ஒன்று.

மொய்யிலும் சிக்கல் உண்டு, மறைக்கக் கூடாது. எழுதுகிற கை குறைந்து, வாங்குகிற கை கூடினால் என்ன செய்வது? ஜப்பானில் 100 வயது ஆனவர்களுக்கு அரசாங்கம் வெள்ளிக் கிண்ணம் பரிசு தரும். 1963-ல் தொடங்கியபோது அந்த நாட்டில் நூறு வயதைத் தாண்டியவர்கள் 153 பேர். 2024-ல் 95,000-க்கு மேல். கட்டுப்படியாகவில்லை. 2016 முதல் கிண்ணத்துக்கு வெள்ளி முலாம்தான். டென்மார்க்கில் 2040-க்குள் ஓய்வு வயதை 70 ஆக்கச் சட்டம் போட்டுவிட்டார்கள். பிரான்ஸில் 2023-ல் 62-ஐ 64 ஆக்கப்போக, ஊரே கொதித்தது. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்தவருக்கு 64 ஒன்றும் இல்லை. ஹார்பரில் மூட்டை தூக்கினவனைக் கேளுங்கள். 50-லேயே அவனுக்கு முட்டி போய்விடும். வயதை எண்ணுகிறவர்கள் முட்டியை எண்ணுவதில்லை.

இனி நம் கணக்கு. இங்கே மில் வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. 1918 ஏப்ரலில் இதோ பெரம்பூர்ப் பக்கம்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய மண். மில் ஆளுக்கு பி.எஃப். இருந்தது. 1995 நவம்பரில் அதோடு பென்ஷன் திட்டமும் வந்தது. கணக்கு இதுதான்: கணக்கில் எடுக்கும் சம்பளத்தைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. அதையே முழுசாக வைத்து 14 வருஷம் வேலை பார்த்தாலும் 3,000 ரூபாய். உச்சவரம்பு 5,000 ஆகவும் 6,500 ஆகவும் இருந்த காலத்தில் ஓய்வு பெற்றவர் கதையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் 1,000 என்று 2014-ல் வைத்தார்கள். இதில் பஞ்சப்படி கிடையாது. விலைவாசி ஏறும், பென்ஷன் ஏறாது. இங்கிலாந்தில் விலை உயர்வு, சம்பள உயர்வு, இரண்டரை சதவீதம், இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு வருஷா வருஷம் அரசுப் பென்ஷனைக் கூட்டுகிறார்கள். அங்கேயும் அதற்குப் பணம் எங்கே என்று சண்டைதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆயாவின் கணக்கு இன்னும் சின்னது. தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962-லேயே வந்துவிட்டது. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15-ல் தன் பங்கைத் தொடங்கியது, மாதம் 75 ரூபாய். பிறகு 200 ஆக்கி, 80 வயது வரை அந்த 200-லேயே நிறுத்திவிட்டார்கள். மாநில அரசு தன் பணத்தைப் போட்டு 2011-ல் 1,000 ஆக்கியது, 2023-ல் 1,200 ஆக்கியது.

நான் அரசு ஊழியன், எனக்கு ஒழுங்கான பென்ஷன் வருகிறது. 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்ஷன் என்பது எஜமான் இஷ்டப்பட்டுத் தரும் இனாம் அல்ல என்று சொன்னது. அந்த நாளை நாங்கள் பென்ஷனர் தினம் என்று கொண்டாடுகிறோம், லட்டு கொடுக்கிறோம். எனக்குக் கிடைத்த அந்த வார்த்தை ஆயாவுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம். நான் தபால் பையைத் தூக்கியது வேலை, அவர் மீன் கூடையைத் தூக்கியது வேலை இல்லையா? அவருடைய பணத்துக்கு மட்டும் 'உதவித்தொகை' என்று பெயர்.

மொரீஷியஸில் 1958 முதல் ஏழை பணக்காரர் பார்க்காமல் வயதானவர்களுக்குப் பென்ஷன் கொடுத்து வந்தார்கள். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்துப் போட்டிருக்கும் ஊர் அது. பெரிய பணக்கார நாடுகளுக்குத்தான் இது முடியும் என்பார்கள். நேபாளம் 1990-களிலேயே 75 வயதானவர்களுக்கு 100 ரூபாயில் தொடங்கியது. மலைநாடான லெசோத்தோ 2004-ல் தொடங்கியது. இந்த இரண்டும் இன்றைக்கு நம்மைவிட ஏழை நாடுகள்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் முதியோர் பென்ஷன் 1928-ல் வந்தபோது கறுப்பர்களுக்கு இல்லை. 1944-ல் சேர்த்தார்கள், குறைந்த தொகை. நிறவெறி ஆட்சி முடிகிற தறுவாயில்தான் தொகை சமமாகிக் கறுப்புக் கிழவிகளின் கைக்கு நல்ல பணம் வந்தது. எஸ்தர் டுஃப்ளோ, 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கியவர், அந்த வீடுகளில் இருந்த குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் ஆராய்ந்தார். பாட்டி பென்ஷன் வாங்கிய வீட்டில் பேத்திகள் நன்றாக வளர்ந்திருந்தார்கள். தாத்தா வாங்கிய வீட்டில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

(ஆண்கள் பக்கம் அமைதி. பெண்கள் பக்கம் அமைதி இல்லை.)

அடிக்க வராதீர்கள், நானும் தாத்தாதான். இதைப் படித்தபோது எனக்கு அந்தச் சந்துதான் கண் முன்னால் வந்தது. டீ வாங்கப் போன பேரன் கையில் எப்போதும் கூட ஒரு வாழைப்பழம் இருக்கும், சின்னப் பேத்திக்கு. அது மகன் கொடுத்த காசு இல்லை. மகனிடம் கேட்டு வாங்கியிருந்தால், எதற்கு, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். இது ஆயா பேரில், ஆயா பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, தெருவே பார்க்க வந்த பணம். நாற்காலி போட்டது ரூபாய்க்கு இல்லை என்று நினைக்கிறேன். வயதானவர்களுக்குச் சத்துணவு, மருந்து, யோகா என்று ஆயிரம் யோசனை சொல்கிறோம். ஒருத்தர் பெயரை மாதத்தில் ஒரு தடவையாவது யாராவது கூப்பிட்டுக் கையில் ஒன்றைக் கொடுப்பது எந்தப் பட்டியலிலும் இல்லை.

பிறகு மணியார்டர் போய் வங்கி வந்தது. இடையில் கை நுழையாது, என்னைப் போல அஞ்சு ரூபாய் வாங்குகிறவன் இருக்க மாட்டான். நல்லதுதான். ஆனால் இங்க் பேடுக்குப் பதில் ஒரு சின்ன மெஷின் வந்தது. அதற்குத் திட்டு போதாது, ரேகை வேண்டும். நாற்பது வருஷ உப்பில் அழிந்த ரேகைக்கு ஆயா எங்கே போவார்? "ரேகை விழலை, அடுத்த வாரம் வா." வேலை செய்து தேய்ந்த விரல் என்பதாலேயே பணம் இல்லை.

பி.எஃப். பென்ஷன்காரர்கள் கவனியுங்கள். உயிர்வாழ் சான்றுக்கு விரல்தான் வேண்டும் என்று இல்லை. 2022 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியும் கொடுக்கலாம். பின்வரிசைத் தம்பிகளே, அந்தப் போனுக்கு இப்போது வேலை வந்திருக்கிறது. கீழே மேஜை போட்டிருக்கிறோம், நாலு பேர் இறங்கி வாருங்கள். வீட்டில் அடி உதை, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு சோறு போடவில்லை என்றால் 14567-க்குக் கூப்பிடுங்கள், முதியோர் உதவி எண். பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தத் தூண் ஓரத்தில் ஓர் அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். பெருவிரலைக் காட்டுகிறார். சொல்லுங்க ஆயா, எத்தனை மாசமா வரலை?