எதிர்க்கரையில் ஒரு படி

(பாளையங்கோட்டையில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் மாவட்ட வருவாய் அலுவலர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, எண்பதைத் தாண்டிய வயதிலும் மாடிப்படி ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் புலவர் ஐயா அவர்களே, பொன்னாடையைத் தவிர்த்துப் புத்தகம் கொடுத்துக் கௌரவித்த விழாக் குழுவினரே, மழை மிரட்டியும் நாற்காலியை விட்டு எழாத நெல்லைச் சீமைப் பெரியோர்களே, தாய்மார்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். வருவாய் அலுவலர் அவர்கள் வேறு இரண்டு கூட்டங்களைத் தள்ளி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. அவர்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. அவர்கள் புறப்படுவதற்குள் அதைச் சொல்லிவிடுவேன்.

தீவுகளின் வரலாறு, மொழி, பண்பாடு பற்றிய நூல்கள் என்று தலைப்புக் கொடுத்தார்கள். மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்றாள் ஔவைப் பாட்டி. நம் சீமைக்காரன் அதைச் செய்து காட்டியவன். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டாரே, அந்தப் பாதையில் அவ்வளவு போக்குவரத்து இருந்ததால்தானே! எட்டயபுரத்துப் பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட நம் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்தார். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் வாசவன்பட்டி மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டம் வரை கொண்டுபோனார். கல்லூரிப் பிள்ளைகள் அந்தக் கதையை இன்று இரவே படியுங்கள். இவையெல்லாம் இந்தக் கரையில் நின்று நாம் எழுதியவை. அந்தக் கரையில் இருந்தவர்கள் தங்களைப் பற்றி எழுதிய நூல்கள் நம் ஊர் நூலகங்களில் எத்தனை இருக்கின்றன? தேடிப் பாருங்கள், மனசு சங்கடப்படும்.

ஏன் சங்கடம் என்கிறேன்? அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சில் ஏற்றினார். செல்லரித்த ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை அவருடைய பதிப்புரைகளில் படித்தால் நெஞ்சு கனக்கும். அவருக்கு முன்பே ஆறுமுக நாவலர் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். தனிநாயகம் அடிகளார் 1913இல் ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்த தீவுப் பிள்ளை. குருவானவராக நம் வடக்கன்குளம் பள்ளிக்கு வந்தார். தமிழை முறையாகக் கற்றது இந்த மண்ணில்தான். அப்புறம் உலகமெல்லாம் அலைந்தார். 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து 1966இல் அதை அப்படியே மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்ற சொல்லுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆளை நான் அறியேன். வடக்கன்குளத்துக்காரர்கள் கை தட்டுகிறார்கள், தட்டத்தான் வேண்டும்!

இன்னொன்றையும் கேளுங்கள். 1586இல் நம் புன்னைக்காயலில், கிறிஸ்தவப் புனிதர்களின் கதை சொல்லும் 'அடியார் வரலாறு' அச்சானது. அச்சடித்த கரையில் அது தங்கவில்லை. ரோமாபுரிக்குப் போன படி பிழைத்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்கள், ஏட்டுச்சுவடிகள் உட்பட, சாம்பலாயின. கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். வேறு படி இல்லாத நூல்களுக்கு யார் என்ன செய்ய முடியும்? தீவில் இருக்கும் நூலுக்கு எதிர்க்கரையில் ஒரு படி இருந்தாக வேண்டும். இதுதான் என் கட்சி. எத்தனை மேடை கிடைத்தாலும் இதையே பேசுவேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழா. தேர் நிலைக்கு வந்த பிறகு ரதவீதியில் ஒருவரிடம் வறுகடலை வாங்கினேன். கடலையைத் தின்றுவிட்டுத் தாளைப் பார்த்தால் கையெழுத்து! பழுப்பேறிய கணக்குத் தாள். ஓரத்தில் 'கீயத - எவ்வளவு, பொல் - தேங்காய், வத்துர - தண்ணீர்' என்று எழுதியிருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்ப ஓடினேன்.

"அண்ணாச்சி, இதோட மிச்சம் இருக்கா?"

"என்ன கேக்கிய? கடலையா, காயிதமா?"

காயிதம்தான் என்றேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பழைய பேப்பர் கடைக்கு வழி சொன்னார். அங்கே மூட்டைக்குள் கிடந்தது, சிவப்புத் துணி அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு. பாதித் தாள் போய்விட்டது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே கொழும்பு புறக்கோட்டைக் கடையின் விலாசம். எடைக்குப் போட்டது நாங்குநேரிப் பக்கத்து வீடு ஒன்று எனத் தெரிந்ததும் நோட்டோடு அங்கே போய் நின்றேன். திண்ணையில் இருந்த ஆச்சி அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"எய்யா, இது அவுக எழுத்துல்லா! பேரன் வெள்ளையடிக்கும்போது எடுத்துப் போட்டுட்டானே!"

அப்புறம் ஆச்சி பேசப் பேச நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பதினாறு வயதில் கப்பலேறிய மாப்பிள்ளை. கடைக்கு வரும் சிங்களப் பெண்கள் விலை கேட்டால் முழிப்பாராம். ராத்திரி கடை சாத்திய பிறகு அன்றைக்குக் காதில் விழுந்த சொல்லை எல்லாம் கணக்கு நோட்டின் ஓரத்தில் எழுதி வைப்பாராம். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன்பின் கெடுபிடி கூடிக்கூடி, கடையைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். "நான் கொழும்பக் கண்ணால பாத்ததில்ல. ஆனா சோத்துல கைய வச்சதும் 'லுணு மதி'ம்பாக. உப்புப் பத்தலையாம். இப்பவும் கொழம்பு கொதிக்கும்போது எனக்கு அந்தச் சத்தந்தான் காதுல கேக்கு" என்றாள் ஆச்சி. அந்த நோட்டில் அரிசி விலை இருக்கிறது, கப்பல் வரும் நாள் இருக்கிறது, மாரடைப்பில் இறந்த கூட்டாளிக்குச் செய்த செலவு இருக்கிறது. கடைக்காரர் ஒருவர் தானே தொகுத்த சிங்கள - தமிழ் அகராதி இருக்கிறது. எந்தப் பதிப்பகம் போட்ட வரலாற்று நூலிலும் இது கிடைக்காது.

மொழி பற்றித் தனியாகப் பேசுவதாகச் சொன்னேன். அந்தமானில் போ மொழி பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார். அவர் பேசியதை ஆய்வாளர்கள் பதிவு செய்து வைத்ததால் கொஞ்சம் மிஞ்சியது. மொரீஷியஸில் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தின் இடம் மாறியபோது, 1998இல், அங்குள்ள தமிழர் கிளம்பி அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். பண்பாட்டைப் பற்றிப் பேச நேரமில்லை என்று சீட்டு வந்துவிட்டது, புலவர் ஐயா ஏற்புரையில் தொடுவார்கள்.

வருவாய் அலுவலர் அவர்களே, கோரிக்கைக்கு வருகிறேன். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் தீவு நூல்களுக்கென்று தனிப் பகுதி வேண்டும். இலங்கை, மொரீஷியஸ், ரீயூனியன், பிஜி, அந்தமான் ஆகிய இடங்களில் அச்சான தமிழ் நூல்களை வாங்கி வைக்க ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். நம்மிடம் இருப்பதைப் படியெடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவோம், அவர்களிடம் இருப்பதன் படியை இங்கே வாங்கி வைப்போம். திரைகடல் ஓடியும் திரவியம் தேடப் போனவர்கள் கொண்டுவந்த கடிதம், கணக்கு, பாஸ்போர்ட், டிரங்குப் பெட்டிக் காகிதம் எதுவானாலும் எடைக்குப் போடாதீர்கள். அசலைக் கேட்க மாட்டோம். படம் எடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம்.

வாசலில் நோட்டோடு இரண்டு தம்பிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் பெயரும் ஊரும் எழுதிவிட்டுப் போங்கள், அடுத்த வாரத்திலிருந்து நாங்களே தேடி வருகிறோம். நன்றி, வணக்கம்.