வறண்ட ஆண்டுக்கு எழுதாத ஒப்பந்தம்

அவையோருக்கு வணக்கம்.

ஆறு நிறைந்து ஓடும்போது எந்த நதிநீர் ஒப்பந்தமும் நல்ல ஒப்பந்தம்தான். நீர் குறையும் ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்று அதில் எழுதியிருக்கிறதா? அதைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றின் முதல் ஒப்பந்தத்தில் அது எழுதப்படவில்லை. 1922-இல் மேல்படுகை மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி), கீழ்ப்படுகை மாநிலங்களுக்கும் அதே அளவு என்று பிரித்தார்கள். 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் சேர்ந்தது. ஆக, 165 லட்சம். முதல் கணக்குக்கு அடிப்படையான ஆண்டுகளோ வழக்கத்தைவிட மழை மிகுந்தவை. 2000-க்குப் பிறகு சராசரி வரத்து சுமார் 125 லட்சம்தான். இல்லாத நீருக்குப் பட்டா போட்டாயிற்று!

கங்கை ஒப்பந்தம் இதைவிடக் கவனமானது. 1996 டிசம்பரில் இந்தியாவும் வங்கதேசமும் 30 ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டன. ஜனவரி முதல் மே வரை, பத்து நாளுக்கு ஒரு கணக்கு. மேற்கு வங்கத்தின் ஃபராக்கா தடுப்பணையில் வரத்து வினாடிக்கு 70,000 கன அடி வரை இருந்தால் சரிபாதி. 75,000 வரை வந்தால் வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. அதையும் தாண்டினால் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் வங்கதேசத்துக்கு. கோடை உச்சத்தில் முறைவைத்து ஆளுக்கு 35,000 உறுதி என்றும் உண்டு. ஆனால் வரத்து 50,000-க்குக் கீழே போனால்? இரு அரசுகளும் உடனே பேச வேண்டும், அவ்வளவுதான். பேச்சு முறிந்தால் பங்கு என்னவென்று எண் கிடையாது. போதாததற்கு, கணக்கு ஃபராக்காவில்தான் தொடங்குகிறது. மேலே கால்வாய்களில் இழுக்கும் நீருக்கு அதில் உச்சவரம்பு இல்லை.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. ஆற்றில் நட்ட அளவுகோல் காட்டுவது நீர்மட்டத்தை மட்டுமே. அதை அட்டவணை கொண்டு கன அடியாக மாற்றுகிறார்கள். ஒரு வெள்ளம் வந்து படுகையில் மணல் மேடிட்டால் அதே மட்டத்தில் குறைவான நீரே ஓடும். அட்டவணை பழையதாகவே இருந்தால் ஏட்டில் நீர் கூடிவிடும். ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழமும் வேகமும் அளந்து அதைத் திருத்த வேண்டும். இரு தரப்புப் பொறியாளரும் சேர்ந்து அளக்காவிட்டால் ஆளுக்கொரு எண் வரும். ஃபராக்காவில் கூட்டுக் குழு அளப்பது இதற்காகத்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றில் வேறு வழி கண்டார்கள். மனன்டாலி அணை மாலியில் இருக்கிறது. உடைமை மாலி, மொரிட்டேனியா, செனகல் மூன்றுக்கும் பொது. 200 மெகாவாட் மின்சாரத்தில் மாலிக்கு 52 விழுக்காடு, செனகலுக்கு 33, மொரிட்டேனியாவுக்கு 15. நாடுகளுக்குள் பங்கு எழுதியாயிற்று. ஆனால் வெள்ளம் வடிந்த ஈர நிலத்தில் விதைக்கும் கீழ்க்கரை உழவருக்கு ஆண்டுதோறும் வெள்ளம் வேண்டும். அதற்கு நீரைத் திறந்தால் மின் உற்பத்தி குறையும். அந்த 100 விழுக்காட்டில் உழவருக்கென்று ஒரு விழுக்காடும் எழுதப்படவில்லை.